எழுத்தும் உயிரும்: வாலசின் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ பற்றிய ஒரு திறனாய்வு

ஆல்பிரட் ரசல் வாலசு (1823–1913) என்னும் பிரித்தானிய இயற்கையறிஞர் எழுதிய ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்ற நூல் 1869ஆம் ஆண்டில் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1854 முதல் 1862 வரை சிங்கப்பூர், மலாக்கா, போர்னியோ, சாவகம், செலிபிசு, மொலுக்கசு, ஆரு, நியூகினி முதலிய இடங்களில் அவர் கண்டவற்றையும் திரட்டியவற்றையும் கூறுவது அந்நூல். டார்வினுக்கு அது உரிமையாக்கப்பட்டுள்ளது. காட்டு மனிதனாகிய ஒராங் ஊத்தானும் சொர்க்கப் பறவையும் வாழும் நாடு என்னும் பொருள்பட அமைந்த துணைத்தலைப்பு, நூலின் இரு முனைகளையும் சுட்டி நிற்கிறது. மேற்கு முனையில் போர்னியோ. கிழக்கு முனையில் ஆரு. இக்கட்டுரை பெரும்பாலும் மேற்கு முனையிலேயே, அதாவது இன்று மலேசிய நாட்டின் ஒரு மாநிலமாக விளங்கும் சராவாக்கைப் பற்றிய பகுதியிலேயே, நின்றுவிடும்.

தமிழாராய்ச்சி இதழொன்றில் விலங்குநூல் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளர். அவர்க்கு விடை எளிது. அழிந்துபடும் உயிரினங்களைப் பற்றிப் பேசப் புகுந்த வாலசு, அதற்கு நம் தொழிலிலிருந்தே ஓர் உவமையை எடுத்துக்கொண்டார். ஏட்டுச் சுவடியோடு பழகியோர்க்கு அவ்வுவமையின் வலிமை விளங்குவதுபோல் வேறு எவர்க்கும் விளங்காது; அதன் குறையும் அவர்க்கே நன்கு புலப்படும்.

அவ்வுவமை இந்நூலில் இல்லை. நூலுக்கு ஆறாண்டு முன்னர், 1863இல், மலாய்த் தீவுக்கூட்டத்தின் நிலவியல்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையின் இறுதியில் உள்ளது. உயிரினம் ஒவ்வொன்றும் நிலவுலக வரலாறு என்னும் பெருநூலின் ஓரெழுத்து என்கிறார் அவர். சில எழுத்துக்கள் சிதைந்தால் ஒரு தொடரே பொருள் விளங்காது போவதுபோல, காடு திருத்தி நாடாக்குமிடத்து மறைந்தொழியும் உயிரினங்களால் அவ்வரலாறு இருண்டுபோம் என்பது அவர் கருத்து. ஆதலின், வெப்ப மண்டல நாடுகளை ஆளும் அரசுகள், காலம் தாழ்த்தாது, உயிரினங்கள் அனைத்தின் உடல்களையும் திரட்டி அருங்காட்சியகங்களில் வைத்தல் வேண்டும் என்று முடிவு கூறுகிறார். அங்ஙனம் செய்யாவிடின், செல்வம் தேடுவதிலேயே மூழ்கி, காக்கக் கூடியதைக் காவாது விட்டவர்கள் என்று பிற்காலத்தார் நம்மைப் பழிப்பர் என்றும் எச்சரிக்கிறார்.

இதனைப் படிக்கும் தமிழாசிரியர் எவரும் சற்றே நின்றுவிடுவர். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் நமக்குக் கிடைத்தில. எழுபதாக இருந்த பரிபாடலில் முழுமையாக எஞ்சியவை இருபத்திரண்டே. புறநானூற்றில் 267, 268 என்னும் எண்களுக்கு உரிய பாட்டுக்கள் இல்லை; எண்கள் மட்டும் நிற்கின்றன. கிடைத்த பாட்டுக்களிலும் இடையிடையே புள்ளியிட்டுக் காட்டப்படும் இடங்கள் எத்தனை! இத்தகைய இழப்பை அறிந்தவர்க்கு வாலசின் உவமை வெறும் அணி அன்று.

ஆயினும் உவமையை ஆராய்வதற்குத் தொல்காப்பியனார் அளவுகோல் ஒன்று தந்துள்ளார். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் எதுபற்றி உவமை பிறந்தது எனக் காண வேண்டும். எழுத்துக்கும் உயிரினத்துக்கும் இடையே வாலசு கண்ட ஒப்புமை பயன்பற்றியது. இரண்டும் படிப்பவனுக்குச் செய்தி தருகின்றன. படிப்பவன் கண்ணுக்கு அவை இரண்டும் ஒன்றே. வினைபற்றி நோக்கினாலோ ஒப்புமை அற்றுப்போகிறது. எழுத்து உண்பதில்லை, ஈனுவதில்லை, பக்கத்து எழுத்தைச் சார்ந்து உயிர் வாழ்வதில்லை. ஓர் ஏட்டிலுள்ளதை வேறோர் ஏட்டில் படியெடுத்துவிட்டால் முன்னை ஏடு செல்லுக்கு இரையானாலும் நூல் பிழைக்கும். நம் முன்னோர் தலைமுறைதோறும் செய்தது அதுவே. உயிரினத்தின் தோலையும் எலும்பையும் பெட்டியில் அடைப்பது படியெடுத்தலா? வாலசு ஆம் என்றே எண்ணினார். 1863ஆம் ஆண்டுக் கட்டுரை அவ்வெண்ணத்தின் மீது கட்டப்பட்டது. 1869ஆம் ஆண்டு நூலோ அதற்கு எதிரான சான்றுகளைத் தன்னையறியாமலே தந்துகொண்டு செல்கிறது. இந்நூலின் சிறப்பு அதன் கொள்கையில் இல்லை. கண்டதைக் கண்டவாறே கூறும் நேர்மையில் உள்ளது என்பதே யாம் இங்கு நிறுவப் புகுவது.

முதற்கண் நூலின் அமைப்பு நோக்கத்தக்கது. வாலசு தம் பயணங்களைக் கால முறையில் அடுக்கவில்லை. தீவுத் தொகுதிகளாகப் பகுத்துக் கூறுகிறார். ஒரே தீவுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் சென்ற செலவுகள் ஒரே அதிகாரத்துள் அடங்குகின்றன. பயண நூலுக்கு இஃது ஒரு குறையே. தேதிகள் முன்னும் பின்னுமாக மயங்குகின்றன. ஆனால் நிலத்தை முதலாகவும் நிகழ்ச்சியைப் பின்னதாகவும் வைக்கும் இம்முறை நமக்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றைத் தொகுத்தார் திணைவகையால் பகுத்தது போன்றது அது. நிலம் மாறினால் அதன் விலங்கும் மரமும் புள்ளும் மாறும் என்பதே வாலசின் ஆராய்ச்சி முடிபாதலின், நூலின் அமைப்பே அம்முடிபுக்கு ஒரு சான்றாக அமைந்துவிட்டது.

முன்னுரையில் அவர் தரும் கணக்கு புகழ்பெற்றது. அவர் திரட்டியவை மொத்தம் 1,25,660. அவற்றுள் பாலூட்டிகள் 310, ஊர்வன 100, பறவைகள் 8,050, சிப்பிகள் 7,500, வண்ணத்துப்பூச்சி முதலியன 13,100, வண்டுகள் 83,200, ஏனைப் பூச்சிகள் 13,400. எட்டாண்டுகளில் ஒருவர் முயற்சியால் இத்துணை திரண்டது வியப்பே. ‘ஒருவர் முயற்சி’ என்றது முற்றும் பொருந்தாது. சராவாக்கில் 1855இல் பணிக்கு அமர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் பறவை சுடுவதிலும் தோலுரிப்பதிலும் தேர்ந்து, பயணத்தின் பெரும்பகுதியில் உடனிருந்தார். இன்று வாலசின் பெயரை அறிவியற் பெயரிலேயே தாங்கி நிற்கும் சொர்க்கப் பறவையை 1858இல் பச்சான் தீவில் முதலில் கொணர்ந்தவர் அவ்வலியே.

இனி, சிமுன்ஜோன் என்னும் இடம். சராவாக்கில், சாடோங் ஆற்றின் கிளையாற்றங்கரையில் நிலக்கரி எடுக்கும் முயற்சி அக்காலத்தில் நடந்துகொண்டிருந்தது. 1855 மார்ச்சு 14ஆம் நாள் வாலசு அங்குச் சென்றார். அதற்கு முந்திய நான்கு திங்களில் சராவாக்கின் பிற பகுதிகளில் அவர் திரட்டிய வண்டு வகைகள் 320. சிமுன்ஜோனில் இரண்டு வாரத்துக்குள் அத்தொகை இரட்டித்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 புதிய வகைகள் கிட்டின. ஒரே நாளில் 76 வகை பிடித்ததாகவும் அவற்றுள் 34 தமக்குப் புதியன என்றும் எழுதுகிறார். இறுதியில் போர்னியோவில் கிடைத்த ஏறத்தாழ 2,000 வகைகளுள் நூறு நீங்கலாக எல்லாம் இவ்வோரிடத்தில், ஒரு சதுரமைல் பரப்பளவில் கிடைத்தவை. உலகின் வேறெந்த நிலப்பகுதியிலும் இதற்கு ஈடு காண்பது அரிது.

இவ்வளவு வண்டுகள் அங்கு ஏன் வந்தன? வாலசே காரணம் கூறுகிறார். சுரங்கத்துக்கும், ஆற்றங்கரை வரை இரண்டு மைல் நீளத்துக்கு அமைக்கப்பட்ட இருப்புப்பாதைக்கும் இடம் செய்வதற்காகச் சீனத் தொழிலாளரும் தயாக் மக்களும் இருபது முதல் ஐம்பது பேர் வரை திங்கள் பலவாகக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தனர். வீழ்ந்த மரங்களும் காய்ந்த இலைகளும் பட்டைகளும் மரத்தூளும் வெயிலில் குவிந்து கிடந்தன. மரத்தைத் துளைக்கும் வண்டுகளுக்கு அது விருந்து. தொழிலாளர் கொணர்ந்த பூச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு காசு கொடுத்தார் வாலசு. தம் வெற்றிக்கு இம்மரம்வெட்டிகளே பெருங்காரணம் என அவர் மறைக்காது கூறுவது பாராட்டத்தக்கது.

ஆனால் அக்கூற்றின் உட்பொருளை அவர் தொடர்ந்து செல்லவில்லை. காட்டின் வளத்தை அவர் கண்ணுக்குக் காட்டியது கோடரி. நூலின் எழுத்துக்கள் தெளிவாகத் தெரிந்தது, ஏடு எரியும் வெளிச்சத்தில். எட்டாண்டுப் பயணத்தின் மிக உயர்ந்த எண்ணிக்கை, உயிரோடு நின்ற காட்டின் எண்ணிக்கை அன்று. சாய்க்கப்பட்ட காட்டின் எண்ணிக்கை. ஏட்டை அரிக்கும் பூச்சி நமக்குப் பகை. வாலசுக்கோ மரத்தை அரிக்கும் பூச்சியே எழுத்து. இம்முரண், அவர் உவமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டிவிடுகிறது. சுவடியில் எழுத்தையும் ஏட்டையும் பிரித்தெண்ணலாம். காட்டில் எழுத்து எது, ஏடு எது?

இவ்விடத்தில் பெயர் பற்றியும் ஒரு சொல். அகன்ற விரலிடைத் தோலை விரித்து மரத்திலிருந்து சறுக்கி இறங்கும் பசுந்தவளை ஒன்றைச் சீனத் தொழிலாளர் ஒருவர் சிமுன்ஜோனில் வாலசிடம் கொணர்ந்தார். மரத்திலிருந்து அது பறப்பதுபோல் இறங்கியதைக் கண்டதாகக் கூறியவரும் அவரே. இன்று அத்தவளை உலகெங்கும் வாலசின் பெயரால் வழங்குகிறது. கொணர்ந்தவர் பெயர் நூலில் இல்லை. கருஞ்சிறகில் பசும்பட்டை ஒளிரும் பெரு வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்கு வாலசு, அந்நாளில் சராவாக்கை ஆண்ட ஆங்கிலேயராகிய சேம்சு புரூக்கின் பெயரை இட்டார். நம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூப்பெயர்கள் வருகின்றன. அவற்றுள் சில எச்செடியின் பூ என்பதில் இன்றும் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. அங்கே பெயர் நின்றது, பொருள் ஐயமாயிற்று. வாலசு முறையில் பெயரும் உடலும் சேர்ந்தே பெட்டியில் நிற்கும், ஐயத்துக்கு இடமில்லை. அவ்வகையில் அது நம் முறையினும் செப்பமானதே. எனினும் குறிஞ்சிப்பாட்டின் பெண்கள் அப்பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கும்போது, அவை பூத்த மலை அவர்களைச் சூழ்ந்து நிற்கிறது. பெட்டிக்குள் மலை இல்லை.

நூலின் நான்காம் அதிகாரம் ஒராங் ஊத்தானைப் பற்றியது. தயாக் மக்கள் அதனை ‘மியாசு’ என்பர். அவர்கள் அறிந்து கூறியவற்றை, முதலையும் மலைப்பாம்பும் தவிர வேறெவ்விலங்கும் அதனை எதிர்க்காது என்பது முதலாக, வாலசு மதிப்புடன் எழுதி வைக்கிறார். தாம் சுட்டவற்றையும் பிறவற்றையும் சேர்த்து, புதிதாகக் கொல்லப்பட்ட 17 உடல்களை அளந்ததாகக் கணக்கும் தருகிறார். கைகளின் அகலம், உடலின் நீளம், முகத்தின் அகலம் ஆகியவை நிரலாக வருகின்றன. குண்டு பட்ட ஒன்று, உயர்ந்த மரக்கிளையில் அமர்ந்து, சுற்றிலும் உள்ள கொம்புகளை ஒடித்துப் பரப்பி, தன்னை மறைத்துக்கொள்ளக் கூடு கட்டும் காட்சியை அவர் வரையும் இடம் மறக்க இயலாதது. வருணனை மிகையின்றி, வேட்டைக் குறிப்பைப் போல் வறண்டு செல்கிறது. வறட்சியே அதன் ஆற்றல்.

இதனிடையேதான் அந்தச் சிறு நிகழ்ச்சி வருகிறது. அவர் சுட்ட பெண் ஒன்று விழுந்தபோது, அதன் இளமகவு சதுப்பில் முகங்குப்புறக் கிடந்தது. ஏறத்தாழ ஓரடி நீளம், பல் முளைக்கவில்லை. தூக்கிச் செல்லும்போது வாலசின் தாடியைப் பற்றிக்கொண்டது. விடுவிக்க அவர் அரும்பாடு பட்டார். பால் இல்லை. புட்டியின் தக்கையில் இறகுக்குழலைச் செருகிச் சோற்றுக்கஞ்சி ஊட்டினார். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் அது கைகளை வீசுவதைக் கண்டு, எருமைத்தோலைச் சுருட்டித் தாயைப் போல் ஒன்று செய்து கொடுத்தார். அதுவோ பாலுண்ண முயன்று மயிரை விழுங்கி மூச்சுத் திணறியது. பொய்த்தாயைப் பிரித்துவிட நேர்ந்தது. துணைக்கு ஒரு குரங்குக் குட்டியைக் கொணர்ந்தார். ஐந்து வாரத்துக்குப் பின் மேல்வாயில் இரு பற்கள் முளைத்தன. மூன்று திங்கள் நிரம்பும் முன்னரே காய்ச்சல் போன்ற நோயால் அது இறந்தது. அதன் தோலையும் எலும்பையும் பாதுகாத்து வைத்தார் வாலசு. அப்போதுதான், மரத்திலிருந்து விழுந்த அன்றே அதன் ஒரு கையும் ஒரு காலும் முறிந்திருந்தன என்பதும், அவை தாமே பொருந்தியமையால் தாம் புடைப்பாக மட்டும் கண்டிருந்தமையும் அவர்க்குத் தெரிந்தன.

இப்பகுதியைப் பற்றி இரு சாரார் இருவகையாகக் கூறுவர். தாயைக் கொன்றவர் சேயைக் கொஞ்சுவது போலித்தனம் என்பார் ஒரு சாரார். அக்கால அறிவியலில் அது வழக்கமே, குறை கூறல் தகாது என்பார் மற்றொரு சாரார். இரண்டும் நூலைப் படியாமல் ஆசிரியரை வழக்கு மன்றத்தில் நிறுத்தும் போக்கு. வாலசு திரட்டியவற்றுள் மிகுதியானவற்றை இலண்டனில் இருந்த முகவர் சாமுவேல் சிடீவன்சு வாயிலாக விற்றே தம் செலவை நடத்தினார், இதுவும் மறைவன்று. நாம் கேட்க வேண்டுவது, இப்பகுதி நூலில் என்ன செய்கிறது என்பதே. எருமைத்தோல் தாய் என்பது ஒரு படி. தாயின் உருவும் மெய்யும் ஓரளவு அதில் அமைந்துள்ளன, வினை அமையவில்லை. மகவு அதனை உண்மை எனக் கொண்டு பால் தேடி மயிரை விழுங்கியது. உயிரைப் படியெடுக்க இயலாது என்பதற்கு இதனினும் கூர்மையான சான்றை எவரும் புனைந்து எழுத முடியாது. வாலசோ புனையவில்லை, நடந்ததை எழுதினார். பின்னும் எட்டாண்டு கழித்து, படியெடுத்தலே வழி என்று கட்டுரை எழுதினார்.

நூலின் கிழக்கு முனையில், 1857இல் ஆருவில், அரசச் சொர்க்கப் பறவையைக் கையில் ஏந்தி அவர் எண்ணும் எண்ணங்களைப் பலரும் எடுத்துக்காட்டுவர். நாகரிக மனிதன் இக்காடுகளை எட்டும் நாளில் இங்குள்ள ஒழுங்கு குலைந்து, இவ்வழகை நுகரவல்ல அவனாலேயே இவை மறையும் என்றும், உயிர்கள் எல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை அல்ல என்றும் அவர் அங்குக் கூறுவது உண்மை. கருத்து உயர்ந்ததே, எனினும் அப்பகுதி சற்று மேடைத்தன்மை உடையது என்பது எம் எண்ணம். சிமுன்ஜோன் அதிகாரத்தில் அத்தகைய முழக்கம் ஒன்றும் இல்லை. ஆங்குக் கற்பதே மிகுதி.

பின்னர் நிகழ்ந்தவை வாலசின் அச்சத்தை மெய்ப்பித்தன. போர்னியோ ஒராங் ஊத்தானைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் மிகக் கடும் அழிவுநிலையில் உள்ள இனமாக அறிவித்தது. 1999க்கும் 2015க்கும் இடையே அத்தீவில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை அழிந்தன என 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. காடு முற்றும் அழிக்கப்பட்ட இடங்களில் வீழ்ச்சி வேகம் மிகுதி. ஆயினும் எண்ணிக்கையளவில் பேரிழப்பு நேர்ந்தது இன்னும் காடாகவே நின்ற இடங்களில்தான் என்றும், கொலையே அதற்குக் காரணமாதல் வேண்டும் என்றும் அவ்வாராய்ச்சி கூறுகிறது. கோடரியும் துப்பாக்கியும் ஆகிய சிமுன்ஜோனின் இரு கருவிகளும் அங்கே மீண்டும் சேர்ந்து வருகின்றன. மலாயாப் புலிகள் காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என 2022இல் அறிவிக்கப்பட்டது.

வாலசின் உவமையோடு நேராகப் பொருந்துவது சுமத்திராக் காண்டாமிருகத்தின் கதை. உடலில் மயிருடைய, இரு கொம்புடைய சிறிய காண்டாமிருகம் அது. 2008இல் சாபாவில் செம்பனைத் தோட்டம் ஒன்றுள் புகுந்த ஆண் ஒன்றைப் பிடித்துத் ‘தாம்’ எனப் பெயரிட்டுக் காத்தனர். 2014இல் ‘இமான்’ என்னும் பெண் பிடிக்கப்பட்டது. இரண்டும் கூடிக் கன்று ஈனவில்லை. 2019 மே 27ஆம் நாள் தாமும், அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் இமானும் இறந்தன. மலேசிய மண்ணில் அவ்வினம் அத்துடன் முடிந்தது. தாமின் தோலிலிருந்து எடுத்துக் காக்கப்பட்ட உயிரணுக்களைக் கொண்டு, எவ்வகை அணுவாகவும் வளரவல்ல மூல உயிரணுக்களைப் பெர்லின் ஆராய்ச்சியாளர் உருவாக்கியதாக 2022இல் செய்தி வெளிவந்தது. அருங்காட்சியகப் பெட்டி இப்போது கண்ணாடிக் குப்பியாகியுள்ளது. ஈனும் எழுத்தை ஆக்கிக் காட்டவே இம்முயற்சி. வினைபற்றிய ஒப்புமை இல்லை என்று யாம் மேலே கூறியதற்கு மறுமொழி போல் அது நிற்கிறது. அது வெல்லுமாயின், பிறக்கும் கன்றைப் பேணி நடத்தத் தாய் வேண்டும். அக்கன்று உண்ணக் காடும் வேண்டும். எருமைத்தோலின் நினைவு இங்கு எழாமல் இராது.

ஒன்று மட்டும் கூற எஞ்சியுள்ளது. நான்காம் அதிகாரத்தைத் தமிழில் பெயர்ப்போர், அச்சிறு விலங்கை எச்சொல்லால் குறிப்பது என்று தயங்க நேரும். தொல்காப்பிய மரபியல், மரக்கோட்டில் வாழும் குரங்கின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை உரிமையாக்கி, அத்துடன் மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என்னும் பெயர்களையும் உடன்படுகிறது. மக்கட்கு உரியன குழவி, மகவு என்னும் இரண்டே என்றும் அவ்வியலே கூறும். ஆகவே மகவு என்னும் சொல் மரக்கிளைக்கும் மனைக்கும் பொதுவாகி நிற்கிறது. ஒராங் ஊத்தானை வாலில்லாக் குரங்கு என வேறு பிரிப்பர் இக்காலத்தார். மரபியல் அறிந்த கோடுவாழ் விலங்கோடு சேர்த்தெண்ண அது தடையாகாது. அன்றியும் அதன் மலாய்ப் பெயருக்கே காட்டு மனிதன் என்பதுதான் பொருள். கஞ்சி ஊட்டும் இடத்திலும் தாடியைப் பற்றும் இடத்திலும் மகவு என்றே பெயர்த்தல் பொருந்தும். தோலையும் எலும்பையும் எடுத்து வைக்கும் இடத்திலும் சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. வாலசும் அவ்விடத்தில் அளவைப் பட்டியலுக்குரிய சொல்லுக்கு மாறாமல், செல்லமாக வளர்த்ததைக் குறிக்கும் சொல்லையே ஆள்கிறார்.